பழைய லீஃபா, புதிய எல்எஃப்பியா? கொழும்பு வெயிலில் நிற்கும் மின்சாரக் காரின் பற்றரி பற்றி

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, வாகனம் நிற்பது கூரையில்லாத தரிப்பிடத்தில். நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓட்டம், வருடத்தில் இரண்டு தடவை யாழ்ப்பாணம். தரகர் ஒருவர் 2014ஆம் ஆண்டு நிசான் லீஃப் ஒன்றைக் காட்டி "பன்னிரண்டு கோடும் அப்படியே இருக்கு" என்கிறார், பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் டாஷ்போர்ட் கோடுகளைத்தான். மறுபக்கம் லீசிங்கில் புதிய சீனத் தயாரிப்பான பிவைடி, அதன் பற்றரி எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகை. இரண்டும் லித்தியம்தானே, பிறகேன் இந்த விலை வித்தியாசம், சோடியம் பற்றரி வரும்வரை பொறுக்கலாமா, மகனுக்குப் பார்த்து வைத்த ஸ்கூட்டரின் "கிராபீன்" பற்றரி நல்லதா என்று கேட்கிறீர்கள். இவ்வளவுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: வருடம் முழுக்க வெயிலில் நிற்கப்போகிற பற்றரி, கடன் கட்டி முடிந்த பிறகும் ஒழுங்காக ஓடுமா?

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். புதிய காரின் பற்றரி 60 யூனிட் என்று வைப்போம். மின்பில்லில் வரும் அதே யூனிட்தான். 100 கிலோமீற்றருக்கு 16 யூனிட் போனால் உங்கள் 40 கிலோமீற்றருக்கு 6.4 யூனிட், அதாவது நாளுக்கு 11 சதவீதம். ஒன்பது நாளைக்கு ஒரு முழுச் சுற்று (முழுதாக நிரம்பி முழுதாக வடிவது), வருடத்துக்கு 40, எட்டு வருடத்துக்கு 320. விற்பவர் எல்எஃப்பிக்கு 3,000 சுற்று, நிக்கல் சேர்த்த லித்தியம் வகைக்கு 1,000 அல்லது 1,500 என்பார். இரண்டும் ஏறத்தாழச் சரி, இரண்டாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. உங்கள் பற்றரி ஓடித் தேயாது, நின்றுதான் தேயும். ஆகவே எத்தனை சுற்று என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்தச் சூட்டில், எவ்வளவு நிரம்பிய நிலையில் நிற்கிறது என்று பாருங்கள்.

நின்று தேய்வது எப்படி? செல்லுக்குள் கிராஃபைட் மின்முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது இல்லாமல் செல் இயங்காது. ஆனால் காலம் போகப்போக அது தடிக்கும். தடிப்பதற்கு, ஓடித்திரிய வேண்டிய லித்தியத்தையே எடுத்துக்கொள்ளும். வெப்பம் 10 பாகை கூடினால் இது ஏறக்குறைய இரு மடங்கு வேகமாக நடக்கும் என்பது துறையில் எல்லோரும் பாவிக்கும் அண்ணளவு விதி. செல் நிரம்பியிருந்தால் வேகம் இன்னும் கூடும். கொழும்பில் நிழலிலேயே பகலில் 31, 32 பாகை. தார்த் தரையின் மேல் நிற்கும் காரின் அடியில் அதைவிட அதிகம், நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பற்றரியில் ஏறிய சூடு இரவில் இறங்கவும் நேரம் எடுக்கும். 2012இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்து லீஃப் உரிமையாளர்கள் கோடுகள் மளமளவென்று விழுவதைக் கண்டு முறையிட்டார்கள். அதன் பிறகுதான் நிசான் கொள்ளளவுக்கும் தனியாக உத்தரவாதம் கொடுத்தது. அங்கே கோடை மட்டும்தான் கொடூரம். இங்கே அந்தளவு உச்சம் இல்லை, ஆனால் ஓய்வு தரும் குளிர்காலமும் இல்லை.

இனி இரசாயனம். 2014 லீஃபில் இருப்பது மாங்கனீசை அடிப்படையாகக் கொண்டு கொஞ்சம் நிக்கல் சேர்த்த செல். கொரிய, ஐரோப்பியக் கார்களில் அதிகம் இருப்பது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்த என்எம்சி. பிவைடியின் பிளேட் பற்றரி இரும்பு பொஸ்பேற்று, அதுதான் எல்எஃப்பி. ஒரு கிலோ என்எம்சி செல் 230 முதல் 270 வாற்று மணி வரை கொள்ளும்; எல்எஃப்பி 160 முதல் 180. அதே தூரத்துக்கு எல்எஃப்பி பற்றரி பாரம் கூட என்று அர்த்தம். காலி வீதி நெரிசலில் நின்று நின்று போகும் உங்களுக்கு அந்தப் பாரம் பெரிய நட்டமில்லை, பிரேக் பிடிக்கும்போது செலவான மின்சாரத்தில் ஒரு பகுதி பற்றரிக்குத் திரும்பி வந்துவிடும். இடைக்குறிப்பாக ஒன்று: கொழும்பு முழுக்க ஓடும் ஹைப்ரிட் வகன் ஆர் கார்களில் இருக்கையின் கீழுள்ள சின்ன லித்தியம் பற்றரி தொஷிபாவின் டைட்டனேற்று வகை. சூட்டையும் அடிக்கடி சார்ஜ் செய்வதையும் அது பொருட்படுத்தாது. ஆனால் கொள்ளளவு குறைவு, விலை கூட, அதனால் முழு மின்சாரக் கார்களில் அபூர்வம்.

எல்எஃப்பியின் பெரிய பலம் பாதுகாப்பு. பொஸ்பரசும் ஒட்சிசனும் இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் அது ஒட்சிசனை இலகுவில் விடாது. நிக்கல் கூடிய என்எம்சி செல் 200 பாகையை அண்டியே கட்டுமீறித் தானாகச் சூடேறத் தொடங்கலாம். எல்எஃப்பிக்கு 270 அளவில். அதற்காக "எல்எஃப்பி தீப்பிடிக்காது" என்பவரை நம்பாதீர்கள். செல் நசுங்கினாலோ அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனாலோ எரியக்கூடிய வாயுவைக் கக்கும், நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் அதுவே போதும்.

அதன் குறையைப் பலர் காரின் பழுது என்று நினைத்துக் குழம்புகிறார்கள். என்எம்சி செல்லில் சார்ஜ் குறையக் குறைய வோல்ற்றளவும் தெளிவாக இறங்கும், அதனால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பற்றரியைக் கண்காணிக்கும் மின்னணுச் சுற்றான பிஎம்எஸ் இலகுவில் கணித்துவிடும். எல்எஃப்பி அப்படியில்லை. 80 சதவீதத்திலிருந்து 20 வரை இறங்கினாலும் ஓய்வு நிலையில் செல் 3.33 வோல்ற்றிலிருந்து 3.2 சொச்சத்துக்குத்தான் வரும். அவ்வளவு தூரத்துக்கும் 0.1 வோல்ற்று அளவுதான்! ஆகவே பிஎம்எஸ் வோல்ற்றளவை நம்பாமல், உள்ளே போன அம்பியரையும் வெளியே வந்த அம்பியரையும் கணக்குப் பிள்ளைபோல எழுதிக்கொண்டே வரும். சின்னச் சின்னப் பிழைகள் சேரும். முழுச் சார்ஜில் வோல்ற்றளவு சட்டென்று ஏறும்போதுதான் கணக்கை நேராக்க முடியும், செல்களைச் சமப்படுத்துவதும் அங்கேதான் நடக்கும். மாதக்கணக்காக 40க்கும் 70க்கும் இடையிலேயே ஓட்டினால் டாஷ்போர்ட் 15 சதவீதம் காட்டும்போதே கார் வேகம் குறைந்து நின்றுவிடலாம். பற்றரி பழுதில்லை, அளவுகாட்டி பொய் சொல்லியிருக்கிறது.

அதனால்தான் டெஸ்லா போன்ற நிறுவனங்கள் எல்எஃப்பி கார்களை வாரம் ஒருமுறையாவது 100 சதவீதத்துக்கு ஏற்றச் சொல்கின்றன. மறுபக்கம், கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு, உயர்ந்த சார்ஜில் வைத்தே சுழற்றினால் எல்எஃப்பியும் விரைவாகத் தேய்வதைக் காட்டுகிறது. இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே நடக்கலாம். கிழமை நாட்களில் 40க்கும் 75க்கும் இடையில் வைத்திருங்கள். ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 100 வரை ஏற்றுங்கள், ஆனால் விடிய எழும்பி ஓடப்போகும் நாளுக்கு முந்திய இரவில். 100க்கு ஏற்றிவிட்டு சனி ஞாயிறு வெயிலில் நிறுத்திவைப்பதுதான் மோசமான சேர்க்கை. வெளிநாடு போகும்போது 50இல் விட்டுப்போங்கள்.

பிளேட் பற்றரியின் அமைப்பையும் அறிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு செல்லும் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளத் தகடு. பிவைடி அட்டோ 3 காரின் 60.48 யூனிட் பற்றரியில் அப்படி 126 செல்கள். இடையில் சில செல்களைத் தொகுத்து வைக்கும் மொடியூல் கிடையாது, செல்களையே பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறார்கள். கராஜில் திறந்து ஒரு செல்லை மட்டும் மாற்றும் வேலை இதில் நடவாது. செல் ஒன்று பிழைத்தால் பேச்சு உத்தரவாதத்தைப் பற்றித்தான். எனவே வாங்கும்போது 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர், 70 சதவீதக் கொள்ளளவு என்ற வகையில் எழுத்தில் இருக்கிறதா, அது இலங்கையில் செல்லுமா, யார் பொறுப்பு என்று பாருங்கள். ஏஜென்ட் அல்லாதவர் இறக்கிய காருக்கு, அது விற்கப்பட்ட நாட்டின் உத்தரவாதம் இங்கே செல்லும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, இந்தக் காரில் பற்றரியைக் குளிர்விப்பது ஏசியின் அதே வாயு. ஏசி குளிர் குறைந்தால் "யன்னலைத் திறந்து ஓடலாம்" என்று விடாதீர்கள், பற்றரியும் சூடாகத்தான் ஓடும். நிறுத்திவைத்த காரில் குளிரூட்டல் பெரும்பாலும் இயங்காது என்பதால் நிழலுக்கு ஈடு இல்லை. ஒரு மரத்தடியோ தகரக் கொட்டகையோ கிடைத்தால் அதுவே உங்கள் மலிவான பற்றரிப் பராமரிப்பு.

இனி லீஃப். 24 யூனிட் பற்றரியில் 48 மொடியூல்கள், ஒவ்வொன்றிலும் நான்கு செல். குளிரூட்டும் முறை எதுவும் இல்லை, பெட்டி தானாக ஆறவேண்டியதுதான். டாஷ்போர்டின் ஓரத்தில் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் முதற்கோடு விழும்போதே ஏறத்தாழ 15 சதவீதம் போயிருக்கும், பிறகு ஒவ்வொன்றுக்கும் ஆறு சதவீதம் சொச்சம். பத்து வயது தாண்டிய காரில் 12 கோடும் இருக்கிறதென்றால் இரண்டில் ஒன்று: பற்றரி மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது பிஎம்எஸ்ஸின் நினைவை அழித்திருக்கிறார்கள். அழித்தால் கோடுகள் நிமிர்ந்து நிற்கும், சில வாரம் ஓடியதும் ஒவ்வொன்றாக விழும். கோடுகளைப் பார்த்து விலை பேசாதீர்கள்.

அளந்து பார்ப்பது இப்படி. காரின் தகவலை வாசிக்கும் ஓபிடி புளூடூத் கருவி ஒன்றும் லீஃப் ஸ்பை செயலியும் போதும். முதலில் கார் ஓய்வில் இருக்கையில் 96 செல் சோடிகளின் வோல்ற்றளவைப் பாருங்கள்; கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் 20 மில்லிவோல்ற்றுக்குள் இருந்தால் நல்லது. அதோடு நிற்கவேண்டாம், நலிந்த செல் நிரம்பிய நிலையில் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை ஓட்டி, அக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு பாருங்கள். ஒன்றிரண்டு சோடிகள் மட்டும் மற்றவற்றைவிட 100, 150 மில்லிவோல்ற்றுக்கு மேல் விழுந்தால் அந்த மொடியூல்கள் முடிந்த கதை. செயலி காட்டும் ஆரோக்கியச் சதவீதமும் நினைவை அழித்தால் மாறும். ஆகவே மூன்றாவதாக, பிளக்கில் யூனிட் மீற்றர் ஒன்றைச் செருகி 20இலிருந்து 100 வரை ஏற்றுங்கள். மீற்றரில் 14 யூனிட் போயிருந்தால், சார்ஜரில் போகும் நட்டத்துக்காக 0.87ஆல் பெருக்குங்கள்: 12.2. அதை 0.8ஆல் வகுத்தால் 15.2 யூனிட். புதிதாக இருந்தபோது பாவிக்கக் கிடைத்தது ஏறத்தாழ 21.5. ஆக மிச்சம் 71 சதவீதம். இந்தக் கணக்கு ஐந்து சதவீதம் முன்பின்னாக இருக்கலாம், ஆனால் தரகரால் இதை அழித்து எழுத முடியாது. விற்பவர் ஒரு இரவுக்கும் காரைத் தர மறுத்தால் அந்த மறுப்பையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 15 யூனிட் உங்கள் நாளாந்த ஓட்டத்துக்குப் போதும், ஏசியோடு நூறு கிலோமீற்றரை அண்டி ஓடும். யாழ்ப்பாணம்தான் இடிக்கும். ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு நான்கைந்து தடவை வேகச் சார்ஜ். குளிரூட்டல் இல்லாத பற்றரி ஒவ்வொரு தடவையும் மேலும் சூடாகி, அடுத்த சார்ஜை மெதுவாக்கும். லீஃபின் வேகச் சார்ஜுக்கான சாடெமோ பிளக், வழியில் உள்ள சார்ஜரில் இருக்கிறதா என்பதும் தனிக் கவலை, புதிய கார்கள் பெரும்பாலும் சிசிஎஸ் 2 என்ற வேறு பிளக் பக்கம் போய்விட்டன. 60 யூனிட் கார் என்றால் ஒரு தடவை நிறுத்தினால் போதும். லீஃபையே வாங்குவதென்றால் யாழ்ப்பாணத்துக்கு இரவு ரயிலையோ பஸ்ஸையோ பிடியுங்கள். வருடம் இரண்டே தடவை என்பதால் இதை நான் பகிடியாகச் சொல்லவில்லை.

பற்றரியைத் திருத்தித் தருவதாகச் சொல்பவர்களிடம் கேட்கவேண்டியவை சில உண்டு. நலிந்த இரண்டு மொடியூலை எடுத்துவிட்டு வேறொரு காரில் கழற்றியதைப் போடுவது நடக்கிற வேலைதான். ஆனால் புதிதாகப் போடுவது மற்றவற்றின் கொள்ளளவுக்குக் கிட்ட இருக்கவேண்டும், போடுமுன் வோல்ற்றளவைச் சமப்படுத்தியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் அடுத்த நலிந்த மொடியூல் முகம் காட்டும். கழற்றும் மொடியூல்களின் கொள்ளளவை அளந்து தாளில் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். அக்குவா, பிரியஸ் ஹைப்ரிட் பற்றரி திருத்தும் கைகள் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஏராளம், அனுபவமும் பெரிது. ஆனால் லித்தியம் இல்லாத அந்த நிக்கல் உலோக ஐதரைட்டுப் பற்றரி சற்று மிகையாகச் சார்ஜ் ஆனாலும் தாங்கிக்கொள்ளும், லித்தியம் தாங்காது. "லீஃபுக்குள் எல்எஃப்பி போட்டுத் தாறன்" என்பாரும் உண்டு. 96 எல்எஃப்பி செல்லைத் தொடராக இணைத்தால் 307 வோல்ற்றுத்தான் வரும், காருக்கு வேண்டியது 360 அளவு, அதற்கு 112 செல் வேண்டும். அந்த வேறுபாட்டைக் காரின் பழைய பிஎம்எஸ்ஸுக்கு எப்படி விளங்கவைக்கிறார் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். பிந்திய லீஃபின் 40 யூனிட் பற்றரியை முழுதாக மாற்றுவது இதைவிட ஒழுங்கான வழி. இடையில் தகவலை மொழிபெயர்க்கும் சின்னக் கருவி ஒன்று அதற்கு அவசியம். எதுவானாலும் வீட்டில் மூடியைத் திறக்கவேண்டாம். 360 வோல்ற்று நேரோட்டம் (டிசி) பிடித்த கையை விடாது.

ஆக என் தீர்ப்பு: கூரையில்லாத தரிப்பிடமும் எட்டு வருடக் கடனும் என்றால் எல்எஃப்பி. கையில் காசு கொடுத்து, அளந்து பார்த்த 14, 15 யூனிட்டுக்கு ஏற்ற விலையில், நகரத்துக்குள் மட்டும் ஓட்ட என்றால் லீஃபும் பிழையில்லை. மூன்று நான்கு வருடத்தில் பற்றரிக்கு இன்னொரு தொகை போகும் என்று ஒதுக்கிவையுங்கள். காரைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சாத்திரம் சொல்வதாகிவிடும்.

சோடியத்துக்காகக் காத்திருக்கவேண்டாம். சீனப் பற்றரி நிறுவனம் சிஏடிஎல் 2021இல் அறிமுகப்படுத்திய முதற்தலைமுறை செல் கிலோவுக்கு 160 வாற்று மணி, 2025இல் அறிவித்தது 175. எல்எஃப்பிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஆனால் அதன் பெரிய வெற்றி உறைகுளிரில். நுவரெலியாவில்கூட நமக்கு அது தேவைப்படாது. நம் வகைச் சூட்டிலும் ஈரத்திலும் பத்து வருடம் ஓடிய சோடியக் கார் உலகில் எங்கும் இல்லை, ஆகவே ஆயுள் பற்றிய எந்தப் பேச்சும் ஆய்வுகூடக் கணிப்பே. திண்மநிலைப் பற்றரி இன்னும் தள்ளி, தொயோட்டாவே 2027, 2028 என்றுதான் இலக்கு வைத்திருக்கிறது. மகனின் ஸ்கூட்டரில் "கிராபீன்" என்று எழுதியிருப்பது அநேகமாகக் காரீய அமிலப் பற்றரிதான், 72 வோல்ற்று என்றால் 12 வோல்ற்றில் ஆறு. மலிவு, எங்கும் மாற்றலாம். ஆனால் அடிக்கடி வடியவிட்டால் முன்னூறு நானூறு சுற்றில் களைத்துவிடும். பாதியில் சார்ஜ் போடச் சொல்லுங்கள், வடிந்த நிலையில் ஒரு இரவும் விடக்கூடாது. லித்தியத்துக்குச் சொன்னதற்கு இது நேர்மாறு, நிரம்பியிருப்பதுதான் காரீயத்துக்குப் பிடிக்கும்.

வெள்ளவத்தை என்பதால் கடைசியாக உப்புக்காற்றும் சார்ஜ் வசதியும். செல்லுக்கு உப்பு ஒன்றும் செய்யாது, சார்ஜ் வாயின் ஊசிகளும் அடிப்பக்க மண்தொடுப்புக் கம்பியும்தான் பச்சை பிடிக்கும்; மூடியை எப்போதும் மூடி வையுங்கள். வெள்ளத்தில் பற்றரிப் பெட்டி ஒரு மீற்றர் நீரில் அரை மணித்தியாலம் தாங்கும் தரத்தில் செய்யப்பட்டிருக்கும், புதிதாக இருக்கும்போது. இரவு முழுக்க நீரில் நின்ற காரை சார்ஜில் போடாமல் திறந்த வெளிக்குத் தள்ளுங்கள்.

வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்றால் 32 அம்பியர் வோல்பொக்ஸ் (சுவரில் பொருத்தும் சார்ஜர்) உங்களுக்கு இல்லை. 16 அம்பியருக்குக் குறைத்து வைக்கக்கூடியதை வாங்குங்கள். உங்கள் மீற்றரிலிருந்து தரிப்பிடம் வரை 40 மீற்றர் ஓட்டத்துக்கு 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், தனி பிரேக்கர், முகாமைத்துவக் குழுவின் எழுத்துமூல அனுமதி. சாதாரண ட்ரிப் சுவிட்ச் நேரோட்டக் கசிவில் குருடாகிவிடும், 6 மில்லிஅம்பியர் நேரோட்டக் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி வோல்பொக்ஸுக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நேரத்துக்கேற்ற கட்டண முறையில் இருந்தால் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, உங்கள் ஏழு யூனிட்டுக்கு அந்த நேரம் தாராளம். அதெல்லாம் ஆகும்வரை 13 அம்பியர் பிளக்கில் 10 அம்பியருக்கு மேல் இழுக்காதீர்கள். அதிலேயே மூன்று மணித்தியாலத்தில் அன்றைய ஓட்டம் ஏறிவிடும். முதல் வாரம், சார்ஜ் தொடங்கி ஒரு மணித்தியாலம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் சொக்கற்றுக்குள் பித்தளைப் பிடி தளர்ந்திருக்கிறது, சொக்கற்றை மாற்றுங்கள். பிளக்கை மட்டும் மாற்றினால் அதுவும் கருகும்.